ஒற்றைக்கால் கொக்கு

கொத்தொனூ
பிப்ரவரி 8, 1998

அன்புள்ள சாக்போ அண்ணனுக்கும் பிலோமின் அண்ணிக்கும்,

டோசி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் பசியோடும் வம்போடும் நலமாக இருக்கிறோம். அங்கே உங்கள் உடம்பு எப்படி? அண்ணனின் காது இன்னும் மந்தம்தானா? முதலில் போன் செய்யத்தான் நினைத்தேன். ஆனால் போன தடவை போன் கடையில் நான் தொண்டை கிழியக் கத்தியதும், அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து “யாரு, யாரு” என்று கேட்டுக்கொண்டே இருந்ததும், வரிசையில் நின்றவர்கள் சிரித்ததும் போதும். கடிதமே மேல்.

செய்தி இதுதான். ஜின்சு அண்ணனின் பஞ்சர் கடைக்குப் போன வாரம் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். பெல்ஜியத்துக்காரி, பெயர் கரின். சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து அண்ணன் பம்பை எடுத்திருக்கிறான். அவளோ பையிலிருந்து ஒரு இசைத்தட்டை எடுத்து நீட்டினாளாம். நீலக் கொக்குகள். உங்கள் குழுவின் இரண்டாவது தட்டு. நீங்களும் ஜின்சு அண்ணனும் அகலக்கால் பேண்ட் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு காலைத் தூக்கி நிற்கிறீர்களே, அதே அட்டை. இந்த இரட்டையர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டாளாம். அண்ணன் கையெல்லாம் கிரீஸ். தட்டைத் தொடாமல் தன் மூக்கைக் காட்டி, “ஒருத்தன் இங்க இருக்கேன். இன்னொருத்தன் லிப்ரவில்ல மீன் பெட்டி தூக்கிக்கிட்டுக் கிடக்கான்” என்று சொல்லியிருக்கிறான்.

உங்கள் பாட்டுகளை அவள் ஊரில் மறுபடி வெளியிடப் போகிறாளாம். அங்கே பிள்ளைகள் இந்தத் தட்டுக்கு அலைகிறார்களாம். இங்கே மூடிப்போன ஸ்டுடியோக்காரன் உங்கள் நாடாக்களின் மேலேயே சர்ச் பிரசங்கங்களைப் பதிந்து விற்றுத் தீர்த்துவிட்டான். நமக்குத் தெரியாத அருமை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, போங்கள். டிசம்பரில் இங்கே ஒரு கச்சேரி வைக்க ஆசைப்படுகிறாள். இரண்டு பேரும் மேடையில் நிற்க வேண்டும், அதுதான் அவள் கேட்பது.

ஜின்சு அண்ணன் சாப்பிடாமல் பக்கெட்டைக் கவிழ்த்து அடித்துக்கொண்டிருக்கிறான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அந்தச் செவிட்டுப் பயலை வரச் சொல்லு. வாசிக்க மறந்திருந்தாப் பரவால்ல, என் கையைப் பாத்து வாசிக்கட்டும். பேண்ட் இடுப்புக்கு ஏறாது, அதையும் சொல்லு.”

பதில் எழுதுங்கள். அண்ணியின் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

உங்கள் டோசி

*

லிப்ரவில்
மார்ச் 1, 1998

என் தங்கச்சி டோசிக்கு,

உன் அண்ணன் சாக்போ சொல்லச் சொல்ல பிலோமின் எழுதுகிறாள். உன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், உன் துணிக்கடையில் கூட்டம் குறையாமல் இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன். கால் கொஞ்சம் வீங்குகிறது. மீன் கிடங்கில் பனிக்கட்டிக்குள் நின்றால் யாருக்கும் வீங்கத்தான் செய்யும். உன் அண்ணி அதைப் பெரிது பண்ணுகிறாள், நீ பண்ணாதே.

கடிதத்தை இவள் படித்தபோது எழுந்து ஆடினேன். கீழ்வீட்டுக்காரன் மேலே வந்து சண்டை போட்டான். அவன் சண்டை பாதிதான் கேட்டது, அதனால் பாதிதான் பதில் சொன்னேன்.

பஞ்சர் ஒட்டுகிறவன் என் விரலைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஜின்சுவிடம் சொல். அவன் எப்போதும் மூன்றாவது தாளச் சுற்றில் ஓட ஆரம்பிப்பான். நான் கிட்டாரைப் பிடித்து இழுத்து நிறுத்தவில்லை என்றால் அன்றைக்கே நைஜீரியா போய்ச் சேர்ந்திருப்பான். பக்கெட்டில் அடித்தாலும் நிதானமாக அடிக்கட்டும். சாவு மேளத்தை எடுத்து ஜனங்களை ஆட வைத்தவர்கள் நாம். அதற்கு அவசரம் ஆகாது.

கச்சேரிக்கு ஒரே துணியில் இரண்டு சட்டை தைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு நண்பன் கையில் இரண்டையும் அனுப்புகிறேன். அவனுடையதை அவன் போட்டுக்கொள்ளட்டும். என்னுடையதைப் பக்கத்தில் மாட்டி வை. நான் வந்து போட்டுக்கொள்வேன்.

கையெழுத்துக்குப் பதில் வழக்கம்போல என் கொக்கு. ஒற்றைக் காலில் நிற்கிறது. இன்னொரு கால் ஜின்சுவிடம் இருக்கிறது.

சாக்போ

*

கொத்தொனூ
ஏப்ரல் 20, 1998

அன்புள்ள அன்செல்ம் அண்ணாவுக்கு,

லோமேயில் நீங்களும் பிள்ளைகளும் சுகம்தானே? நீலக் கொக்குகளின் பேஸ் கிட்டாரை இன்னும் விற்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். விற்காதீர்கள்.

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் உங்களுக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவேன்? ஈஸ்டருக்கு முந்தின வாரம் நம் ஜின்சு விறகு பொறுக்கக் காட்டுக்குப் போய்விட்டான். உங்கள் வீட்டுப் பக்கமும் இரட்டையரைப் பற்றி இப்படித்தானே சொல்வார்கள். வேறு விதமாக நான் சொல்லவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன். கடையில் ஒரு சக்கரத்தை முடுக்கிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான். பைக் டாக்சிக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

யாரும் அழக்கூடாது என்று பெரிய அத்தை கட்டளை போட்டுவிட்டாள். ஒருவனுக்காக அழுதால் அது மற்றவன் காதில் விழும், அவனும் விறகுக்குக் கிளம்பிவிடுவான். அவனுக்குத்தான் காது மந்தமாயிற்றே என்றேன். அத்தை சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கையளவில் ஒரு மரப்பாச்சி செதுக்கிவிட்டோம். அதில்தான் இப்போது அவன் இருக்கிறான். தினமும் குளிப்பாட்டி, பனையெண்ணெய் ஊற்றிய மொச்சை வைக்கிறேன். சாக்போ வாசல்படி ஏறும்போது அத்தை அதை அவன் கையில் கொடுக்க வேண்டும். கையில் வாங்கிய பிறகுதான் அவனுக்குச் சொல்லலாம். அதற்கு முன்னால் தெரிந்தால் அவனும் தங்க மாட்டான். கடிதத்தில் எழுதவே கூடாது. ஜின்சு சொல்லாததைச் சொன்னதாக எழுதவும் கூடாதாம்.

அதனால் எப்படியாவது அவனை இங்கே வரவழைக்க வேண்டும். எனக்கு இப்போது கச்சேரி முக்கியமில்லை அண்ணா. ஒரு அண்ணன் போய்விட்டான், இன்னொருவன் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் லிப்ரவில்லுக்கு ஒரு வரி எழுதிவிடாதீர்கள்.

டோசி

*

லோமே
மே 4, 1998

டோசி,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. இங்கே உடம்புகள் நன்றாக இருக்கின்றன.

உன் கடிதத்தை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு பேஸை வெளியே எடுத்தேன். அவன் இல்லாமல் அந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு நாளும் எண்ணி வாசித்ததில்லை. அவன் தோளைப் பார்த்துத்தான் வாசித்தேன். ஒரு தடவை மேடையில் சாக்போவின் கம்பி அறுந்தது. ஜின்சு முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தான், பார்த்திருக்க வழியே இல்லை. ஆனாலும் அவன் கை நின்றுவிட்டது. அதனால் சொல்கிறேன், நீ மறைப்பது சரிதான், ஆனால் சீக்கிரம் வரவழை. அவர்கள் விஷயத்தில் கடிதத்தில் மறைப்பதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

என் வாயைப் பற்றிக் கவலைப்படாதே. டிசம்பரில் வருகிறேன்.

அன்செல்ம்

*

கொத்தொனூ
மே 17, 1998

அன்புள்ள சாக்போ அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் இருவருக்கும் நல்ல தூக்கமும் நல்ல பசியும் வேண்டுகிறேன். கால் வீக்கம் வடிந்ததா? இங்கே மழை பிடித்துவிட்டது. சந்தையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டுதான் துணி விற்கிறேன்.

சட்டைகள் வந்து சேர்ந்தன. கத்தரிப்பூ நிறம், கழுத்தில் தங்க வேலை. இதைப் போட்டுக்கொண்டு தெருவில் போனால் மந்திரி என்று நினைப்பார்கள். ஜின்சு அண்ணனுக்கு உள்ளதை அவனுக்குப் போட்டுவிட்டேன், பொருந்தியது. உங்களுடையது பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

கரினுக்கு அட்டையில் போட உங்கள் இருவருடைய இப்போதைய படம் வேண்டுமாம். உங்கள் படம் ஒன்று அனுப்புங்கள். அதைவிட நீங்களே வந்தால் நல்லது. டிசம்பர் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஜூலையில் வாருங்கள். ஒத்திகை இருக்கிறது, அத்தைக்கும் உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. பயணச் சீட்டுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். என்ன சாக்குச் சொன்னாலும் கேட்க மாட்டேன்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணா.

டோசி

*

லிப்ரவில்
ஜூலை 26, 1998

அன்புள்ள டோசிக்கு,

பிலோமின் எழுதுகிறேன். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே வேலை மேல் வேலை. நீ சுகமா? அத்தைக்கு முட்டிவலி எப்படி?

உன் அண்ணன் ஜூலையில் வர முடியவில்லை. கிடங்கில் விடவில்லை. படம் கேட்டிருந்தாய், போன கிறிஸ்துமஸுக்கு எடுத்ததை வைத்திருக்கிறேன். நன்றாக விழுந்திருக்கிறது.

என் கொழுந்தனார் ஜின்சு எப்படி இருக்கிறார்? உண்மையைச் சொல். நன்றாகச் சாப்பிடுகிறாரா? தனியாக எங்கேயும் உட்காரவிடாதே. தூங்கும்போது பக்கத்தில் யாராவது படுத்துக்கொள்ளட்டும். கெட்ட கனவு கண்டேன் என்று சொன்னால் பெரிய அத்தையிடம் சொல்லி வேண்டியதைச் செய்யுங்கள். வெயிலில் அதிகம் நிற்க வேண்டாம் என்று சொல். அவருடைய படமும் ஒன்று அனுப்பு, பார்க்க வேண்டும்.

இங்கே மொச்சை விலை ஏறிவிட்டது. ஆனாலும் தவறாமல் சமைக்கிறேன்.

பிலோமின்

*

கொத்தொனூ
ஆகஸ்ட் 16, 1998

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த பிறகுதான் மூச்சு விட்டேன். இரண்டு மாதமாகத் தபால்காரரை நான் துரத்திய துரத்தலில் அவர் தெருவை மாற்றிக்கொண்டு போகிறார். அத்தைக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. வாய்க்கு மட்டும் ஒரு நோயும் இல்லை.

ஜின்சு அண்ணனுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. தனியாக விடுவதே இல்லை. என் அறையிலேயேதான் வைத்துக்கொண்டிருக்கிறேன். படம் அனுப்புகிறேன், பஞ்சர் கடை வாசலில் எடுத்தது. கொஞ்சம் பழையது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் கொக்கு இல்லையே, ஏன்? இத்தனை வருஷத்தில் சாக்போ அண்ணன் கொக்கு வரையாமல் ஒரு கடிதமும் வந்ததில்லை. என் மேல் கோபமா? கோபம் என்றால் நேரில் வந்து நாலு அறை அறையட்டும். நான் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வர வேண்டும். அண்ணி, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அவரை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

டோசி

*

லிப்ரவில்
செப்டம்பர் 20, 1998

அன்புள்ள டோசி,

உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். இங்கே நலத்துக்குக் குறைவில்லை.

உன் மேல் யாருக்கும் கோபமில்லை. கொக்கு வரைய மறந்துபோய்விட்டது, அவ்வளவுதான். கீழே இருக்கிறது பார்.

டிசம்பர் முதல் வாரக் கப்பலில் வருகிறோம். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். நாங்கள் வரும்போது பெரிய அத்தை வீட்டில் இருக்க வேண்டும். ஜின்சுவைத் துறைமுகத்துக்கு அழைத்துக்கொண்டு வராதே. அவர் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வாசலில் என்னை அத்தை முதலில் பார்க்கட்டும். காரணம் வந்து சொல்கிறேன்.

அதுவரை அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள், என் கண்ணே.

பிலோமின்

*

கொத்தொனூ
அக்டோபர் 11, 1998

என் தங்கமான அண்ணிக்கு,

வருகிறீர்கள்! இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அத்தையிடம் ஓடினேன். அவளும் நீங்கள் சொன்னதையேதான் சொல்கிறாள். துறைமுகத்துக்கு ஜின்சு வர வேண்டாம். நீங்களும் சாக்போ அண்ணனை வழியில் யாரோடும் பேசவிடாமல் நேரே வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். பழைய கூட்டாளிகள் கட்டிப்பிடிக்க வந்தால் திட்டித் துரத்துங்கள், உங்களுக்கு அது நன்றாக வரும். அத்தை வாசலில் நிற்பாள்.

கொக்கைப் பார்த்தேன். இரண்டு காலிலும் நிற்கிறதே? மீன் கிடங்கில் நின்று நின்று அதற்கும் கால் வலிக்கிறது போல. வந்தால் கேலி செய்யாமல் விட மாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

கச்சேரி டிசம்பர் பத்தொன்பது. சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நேற்று நான் ஏறிய பைக் டாக்சிக்காரன், மீசை முளைக்காத பயல், நீலக் கொக்குகள் பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு ஓட்டினான். யார் பாட்டு தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். என் அண்ணன்களுடையது என்றேன். “சும்மா அளக்காதீங்கக்கா” என்றான். முதுகில் ஒன்று வைத்தேன்.

அண்ணி, பயணத்தில் அவருக்குப் போர்வை எடுத்து வையுங்கள்.

டோசி

*

லிப்ரவில்
நவம்பர் 15, 1998

டோசி, என் கண்ணே,

இதை நீ தனியாக இருக்கும்போது படி. ஜின்சு பக்கத்தில் இருந்தால் மடித்து வைத்துவிட்டுப் பிறகு படி. ஊருக்கு வரும் ஒரு பெண் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலை நம்பவில்லை.

வாசலில் நின்று உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல என்னால் முடியாது. உன் அண்ணன் ஜூன் மாதமே விறகு பொறுக்கப் போய்விட்டார். கால் வீக்கம் வயிறு வரை ஏறியது. ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் என்றார்கள். நீண்ட நாள் கிடக்கவில்லை.

உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும், நானும் அந்தப் பக்கத்து விதா ஊர்க்காரிதானே. மரப்பாச்சி கையில் சேரும் முன் ஜின்சுவுக்குத் தெரிந்தால் அவரையும் இழந்துவிடுவோம் என்று பயந்தேன். இங்கே ஒரு நல்ல ஆசாரியைப் பிடித்துச் செதுக்கச் சொன்னேன். மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். அத்தை அதை வாங்கி ஜின்சுவின் கையில் கொடுக்கட்டும். பிறகு சொல்லுங்கள். நான் அவரை அழவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். இத்தனை மாதம் நான் சத்தமாக அழவில்லை டோசி. கீழ்வீட்டுக்காரனுக்குக்கூட நான் விதவையானது தெரியாது.

கொக்கை வரைந்தது நான்தான். அதை ஒற்றைக் காலில் நிறுத்த மனம் வரவில்லை.

உன் மே மாதக் கடிதத்தைப் படுக்கையில் வைத்து அவருக்குப் படித்துக் காட்டினேன். சட்டை பொருந்தியது என்றதும் சந்தோஷப்பட்டார். முடிந்த பிறகு மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னார். அப்புறம் கேட்டார்: “ஜின்சு இதுல என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டலையே, ஏன்?” கடிதத்தில் இடமில்லாமல் போயிருக்கும் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அதன் பிறகு சாப்பாட்டைத் தொடவில்லை. அண்ணன் தம்பிக்குள் ஏதாவது மனஸ்தாபமா? இருந்தால் ஜின்சுவிடம் சொல், உன் அண்ணன் சாக்போ போகும்போது கோபத்தோடு போகவில்லை.

பிலோமின்

*

கொத்தொனூ
நவம்பர் 27, 1998

அண்ணி,

உங்களுக்கும் எனக்கும் நலம் எங்கே இருக்கிறது, விசாரிக்க? இந்தக் கடிதத்தை லிப்ரவில் கப்பலில் வேலை செய்யும் பையனிடம் கொடுக்கிறேன். நீங்கள் கிளம்பும் முன் கிடைக்க வேண்டும். வாசலில் வைத்து இதைச் சொல்ல என்னாலும் முடியாது.

என் அறையில் ஜின்சு இருக்கிறான். கத்தரிப்பூ நிறச் சட்டையில் ஒரு முழம் வெட்டி, அவன் அளவுக்குத் தைத்துப் போட்டிருக்கிறேன். ஈஸ்டருக்கு முன்னாலேயே விறகுக்குப் போய்விட்டான் அண்ணி. சாக்போ அண்ணனைக் காப்பாற்றத்தான் நான் மறைத்தேன். நீங்கள் ஜின்சுவைக் காப்பாற்ற மறைத்தீர்கள். ஜூனிலிருந்து யாரும் இல்லாத இரண்டு வீடுகளுக்கு நாம் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். ஒரு தடவை போன் செய்திருந்தால் என் குரலே காட்டிக்கொடுத்திருக்கும். அதற்குப் பயந்துதான் நான் செய்யவில்லை. நீங்களும் செய்யவில்லை, எனக்கு உறைக்கவில்லை.

மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. அவன் சொல்லாத திட்டை அவன் சொன்னதாக நான் எப்படி எழுதுவேன்? கூடாது என்றாள் அத்தை. எழுதவில்லை. அந்த ஒரு திட்டு இல்லாததில் சாக்போ அண்ணன் எல்லாவற்றையும் படித்துவிட்டான். மந்தக் காது என்று நான்தான் கேலி செய்தேன். இனி என் தலையிலிருந்து இது இறங்காது அண்ணி. ஒரு வார்த்தை, ‘செவிட்டுப் பயலே’ என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பானோ என்னவோ.

கரின் வந்தாள். இரண்டு பேரும் மேடைக்கு வருவார்களா, அரங்கில் இடமே இல்லை என்றாள். வருவார்கள் என்றேன். லோமேயிலிருந்து முன்னதாகவே வந்துவிட்ட அன்செல்ம் அண்ணா விவரத்தை அவளுக்குச் சொன்னார். அவள் தெருவில் நின்று அழுதாள். நாங்கள் யாரும் அழாமல் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தோம், பழக்கம் அப்படி ஆகிவிட்டது. பிறகுதான் பெரிய அத்தை உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். வெகுநேரம் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தாள். “ரெண்டும் போயிடுச்சுங்க. இனிமே யாரு காதுக்கு எட்டும்னு அடக்கணும்?” என்றாள். சொல்லிவிட்டு அவள் ஆரம்பித்தாள், பாருங்கள். பஞ்சர் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

நான் இன்னும் அழவில்லை. உங்களுக்காக வைத்திருக்கிறேன். துறைமுகத்துக்கு ஜின்சுவை இடுப்பில் செருகிக்கொண்டு வருவேன். சாக்போவை மடியிலிருந்து எடுங்கள், இரண்டையும் ஒரே துணியில் சுற்றுவோம். சத்தமாகவே அழலாம் அண்ணி, வாங்க.

டோசி